ஏற்றமும் வானொலியும்

நுழையும்முன்

இளமையில் பழகிய கருவிகள் வழக்கொழிந்த பின்னும் மனத்தை விட்டு எளிதில் அகல்வதில்லை. அவற்றின் ஓசையையும் மணத்தையும் எண்ணி ஏங்குவது மனித இயல்பு. ஆயினும், ஒரு கருவியின் இனிமையை நுகர்ந்தவரும் அதன் சுமையைத் தாங்கியவரும் எப்போதும் ஒருவராக இருப்பதில்லை. மரக்காணம் உப்பளக் கரையில் வாழ்ந்து மறைந்த சில கருவிகளை முன்வைத்து அந்த ஏக்கத்தை ஆராய்கிறது இவ்வுரைநடை.

வெள்ளை வயல்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி ஏறத்தாழ 120 கிலோமீட்டர் சென்றால் சாலையோரம் திடீரென்று வெண்மை தொடங்கும். பாத்தி பாத்தியாகப் பிரிக்கப்பட்ட நிலம். அதில் வானத்தைக் காட்டும் நீர். வரப்புகளில் குவித்து வைக்கப்பட்ட உப்பு. இதுவே விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம். தமிழ்நாட்டின் உப்பு விளையும் ஊர்களை எண்ணும்போது தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர் இது. சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இவ்வூரே எனக் கருதும் அறிஞர்களும் உண்டு. அந்நூலை இயற்றிய நத்தத்தனாரின் ஊர் அமைந்த இடைக்கழிநாடு, மரக்காணத்திற்கு வடக்கே அடுத்துள்ள பகுதிதான்.

இங்கே தை, மாசி மாதங்களில் தொடங்கும் உப்பு விளைச்சல் வடகிழக்குப் பருவமழை நெருங்கும்வரை நீடிக்கும். உவர்நீரை முதலில் ஒரு பாத்தியில் தேக்குவர். வெயிலிலும் காற்றிலும் சுண்டச் சுண்ட அதனை அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றுவர். இறுதிப் பாத்தியில் உப்பு பூக்கும். அதற்கு முன்பாக அப்பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் நீர் கசியும், உப்பில் மண் கலக்கும். இத்தொழிலின் முறை பெரிதும் மாறவில்லை, கருவிகள் மாறியுள்ளன. விடியற்காலையில் இவ்வயல்களின் ஊடே நடப்பவர் இன்று கேட்பது மோட்டாரின் இரைச்சல். அம்மோட்டார் வருவதற்கு முன் அவ்விடத்தில் வேறோர் ஓசை இருந்தது.

துலாவின்மேல் நடந்தவர்கள்

சோழமண்டலக் கடற்கரை உப்பளங்களில் நீரைப் பாத்திக்கு ஏற்றியவை ஏற்றமும் இறைகூடையும் ஆகும். நிலத்தில் ஊன்றிய ஏற்றக்கால். அதன்மேல் குறுக்கே ஏறியிறங்கும் துலா. துலாவின் முனையில் தொங்கும் நீண்ட கழி. கழியின் அடியில் நீர் முகக்கும் சால். ஆழம் குறைந்த குழியாயின் துலாவின் பின்முனையில் கல்லைக் கட்டி ஒருவரே இறைத்துவிடுவார். ஆழம் மிகுந்தால் ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். அவர் முன்னே நடந்தால் சால் தாழும்; பின்னே நடந்தால் எழும். கீழே நிற்பவர் கழியைப் பிடித்துச் செலுத்திச் சாலைக் கவிழ்ப்பார். இறைகூடைக்கு இருவர் எதிரெதிரே நின்று கயிற்றைப் பிடித்து வீச வேண்டும். நெல்வயலுக்கு இறைத்த அதே கருவிகள்தாம் இங்கும் பயன்பட்டன. வேறுபாடு ஒன்றே. வயலில் மேலே தெறிப்பது நன்னீர். இங்கே தெறிப்பது கடும் உவர்நீர். கையிலும் காலிலும் வெடிப்பு இருந்தால் அது எரியும்.

ஏற்றத்திற்கு ஒரு பாட்டு உண்டு. பிள்ளையாரை வணங்கித் தொடங்கி, எண்ணிக்கையை அடிகளுக்குள் பொதிந்து, ஒவ்வொரு சாலுக்கும் ஓர் அடி என வளரும் பாட்டு அது. நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டியோர் ஏற்றப் பாட்டைத் தனி வகையாகவே தொகுத்துள்ளனர். அதனைக் களைப்பை மறக்கப் பாடிய பாட்டு என்று மட்டும் சொல்வது பாதி உண்மையே. அது ஒரு கணக்குக் கருவியும் ஆகும். எத்தனை சால் இறைத்தாயிற்று என்பதைத் தாளோ எழுத்தோ இன்றிப் பாட்டே காட்டியது. இருவரின் காலையும் கையையும் ஒரே தாளத்தில் கட்டியதும் அதுவே. தாளம் தவறினால் துலாவின்மேல் நடப்பவரின் கால் தவறும். எனவே மோட்டார் வந்தபோது ஏற்றத்தோடு ஒரு பாட்டும், ஓர் எண்ணும் முறையும், இருவர் ஒருவரையொருவர் நம்பி வேலை செய்யும் பழக்கமும் சேர்ந்தே விடைபெற்றன. இழப்பு உண்மையானது, அதனை மறுப்பதற்கில்லை.

எனினும் அந்த இழப்பை யார் வாயால் கேட்கிறோம் என்பதையும் நோக்க வேண்டும். கம்பரைப் பற்றி வழங்கும் ஒரு கதை இங்கு நினைக்கத்தக்கது. வழிநடந்த கம்பர் ஏற்றக்காரர் ஒருவரின் பாட்டில் ஓர் அடியைக் கேட்டு வியந்தாராம். அடுத்த அடி எப்படி அமையும் என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஏற்றக்காரர் வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குச் சென்றுவிட்டாராம். இரவெல்லாம் அதே சிந்தனையாக இருந்த கம்பர் மறுநாள் அதே இடத்திற்கு வந்து எஞ்சிய அடியைக் கேட்டு மகிழ்ந்தாராம். கதை உண்மையோ புனைவோ, பாட்டின் சிறப்பைச் சொல்ல இது பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. ஆனால் கதை முழுவதும் கேட்டவரின் பக்கமே நிற்கிறது. பாடியவர் ஏன் பாதியில் நிறுத்தினார் என்று கதை கேட்பதில்லை. அன்றைக்கு அவருக்குக் கால் வலித்திருக்கலாம்.

ஏற்றத்தைப் பற்றிய ஏக்கம் பெரும்பாலும் வரப்பில் நின்று கேட்டவர்களின் ஏக்கம். துலாவில் நடந்தவர்களுக்கும் ஏக்கம் இருக்கக்கூடும். அது அக்கருவியின்மேல் கொண்டது என்பதைவிட, அதன்மேல் தடுமாறாமல் நடந்த தம் இளமையின்மேல் கொண்டது எனலாம். முதியோர் தம் வாழ்வை நினைவுகூரும்போது பதின்பருவத்திலும் இருபதுகளிலும் நிகழ்ந்தவையே மிகுதியாக மேலெழுகின்றன என்பது உளவியலார் கண்ட உண்மை. அவ்வயதில் கைக்குக் கிடைத்த கருவி எதுவாயினும் அதுவே பிற்காலத்தில் பொன்னாகத் தோன்றும்.

தெரிந்து தெளிவோம்

பழமையை எண்ணி ஏங்கும் உணர்வைக் குறிக்க மேலைநாட்டார் வழங்கும் 'நாஸ்டால்ஜியா' என்னும் சொல் 1688ஆம் ஆண்டில் பிறந்தது. யோகான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர், அயல்நாட்டில் வாழ்ந்த சுவிட்சர்லாந்தினரைப் பற்றிய வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகக் கருதி, 'இல்லம் திரும்பல்', 'வலி' என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்குப் பெயரிட்டார். பிரிவின் துயரைத் தமிழர் நோயாக மட்டும் கொள்ளாமல் நிலத்தோடு சேர்த்து வகுத்தனர். கடலும் உப்பளமும் சார்ந்த நெய்தலுக்கு இரங்கலே உரிப்பொருள். அதற்குரிய சிறுபொழுது எற்பாடு.

விரலும் மானியும்

கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ மூன்றரைப் பாகை. அது சுண்டி 25 பாகையை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். 29, 30 பாகைக்கு மேல் சுண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பேறும். அதற்குள் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். பிரான்சு நாட்டு வேதியியலாளர் அந்துவான் போமே 1768இல் வகுத்த இவ்வளவைக் காட்டும் கண்ணாடி மானி, நீரில் மிதக்கவிட்ட உடனே விடை சொல்லிவிடும்.

மானி இல்லாத கையும் விடை கண்டது. முற்றிய உவர்நீரில் செம்மை படரும். அது உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர்களின் நிறம். நீரை விரலால் தொட்டால் வழுவழுப்புத் தெரியும். மேற்பரப்பில் மெல்லிய ஏடு போல் உப்பு படர்வதைக் காற்றின் போக்கை வைத்து முன்னரே உணர்வோரும் உண்டு. இவ்வறிவு நூலில் ஏறாதது. பல கோடைகள் பாத்தியில் நின்றவருக்கே வாய்ப்பது. கண்ணாடி மானி எவரிடமும் இருக்கலாம். விரலின் அறிவோ அவ்விரலுக்கு உரியவரோடு போய்விடும். பழங்கருவிகளுக்காக ஏங்குவோர் இத்தகைய அறிவுக்காக அவ்வளவாக ஏங்குவதில்லை. கண்ணாடிப் பேழைக்குள் அதனைக் காட்சிக்கு வைக்க இயலாது என்பது காரணமாகலாம்.

வண்டியும் படகும்

விளைந்த உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்றோரைச் சங்க இலக்கியம் உமணர் என்று அழைக்கும். எருதுகள் பூட்டிய வண்டிகளை வரிசையாக ஓட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் நெடுந்தொலைவு செல்வது அவர்தம் வாழ்க்கை. வழியில் அச்சு முறிந்தால் கதி என்ன? அதற்காக வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டி எடுத்துச் சென்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், புறநானூற்றின் 102ஆம் பாடலில் அவனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். ஓர் அரசிளங்குமரனுக்கு உவமையாகும் பேறு ஒரு மாற்று உறுப்புக்குக் கிடைத்தது வியப்பே.

பிற்காலத்தில் வண்டியோடு படகும் சேர்ந்தது. 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கப்பட்டுப் படிப்படியாக நீண்ட பக்கிங்காம் கால்வாயின் தென்முனை மரக்காணம். சென்னைக்கும் மரக்காணத்திற்கும் இடைப்பட்ட தென்பகுதி மட்டும் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் பாயாலும் கழியாலும் சென்றன. காற்று இல்லாதபோது கரையில் நடந்தவர்கள் கயிற்றால் இழுத்தனர். இன்று பழைய நிழற்படங்களில் பாய் விரித்த அப்படகுகளைக் காண்போர், அமைதியான அந்நாள் மீண்டும் வாராதா என்று ஏங்குவர். படத்தில் கயிறு தெரியும். கயிற்றைத் தோளில் இட்டவர் பல வேளைகளில் சட்டத்திற்கு வெளியே நிற்பார். கால்வாயின் பகுதிகளை வெட்டியவர்களுள் 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சத்தில் பசித்து வந்தவர்களும் அடங்குவர். அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த வெட்டு அந்தப் பஞ்ச நிவாரணப் பணியே. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. இரயிலும் சரக்குந்தும் வந்தபின், புயல்களாலும் தூராலும் கால்வாய் தளர்ந்தது. 2008இல் நடுவண் அரசு அறிவித்த நான்காம் தேசிய நீர்வழியில், மரக்காணம்வரை வரும் இத்தென்கால்வாயும், அங்கிருந்து கழுவெளி வழியாகப் புதுச்சேரி செல்லும் 22 கிலோமீட்டரும் இடம்பெற்றன. மறக்கப்பட்ட ஒரு வழி சட்டப் புத்தகத்தில் மீண்டும் நீர்வழியாயிற்று.

கடல்மேல் வந்த குரல்

ஏற்றத்தைக் கண்டவர்களைவிட வானொலியைக் கேட்டவர்கள் இன்று மிகுதி. எனவே இக்கரையின் ஏக்கத்தில் பெரும்பங்கு வானொலிக்கே உரியது.

சென்னையில் 1924இலேயே வானொலிக் கழகம் ஒன்று தோன்றிவிட்டது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும், திருச்சி நிலையம் 1939இலும், புதுச்சேரி நிலையம் 1967இலும் ஒலிபரப்பைத் தொடங்கின. தொடக்கக் காலப் பெட்டிகள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை, மின்சாரம் வேண்டுவன, வசதியுள்ள வீடுகளில் மட்டும் வீற்றிருந்தன. மற்றவர்களுக்கு ஊராட்சி வானொலி இருந்தது. தமிழகத்தின் பல ஊர்களில் ஊராட்சிக் கட்டடத்தின் ஒரு சிற்றறையில் பெட்டியைப் பூட்டிவைத்து, கூரைமேல் கூம்பு ஒலிபெருக்கியைப் பொருத்தினர். மாலையில் ஊர் திரண்டு தரையில் அமர்ந்து கேட்கும். நிலையத்தை மாற்றும் உரிமை கேட்பவர் எவருக்கும் இல்லை. ஒலிப்பதை எல்லாரும் கேட்டனர்.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1954இல் அதனைக் கொண்டு செய்த கையடக்க வானொலி கடைக்கு வந்தது. சில ஆண்டுகளில் வானொலி சுவரை விட்டு இறங்கி மனிதனோடு நடக்கத் தொடங்கியது. கட்டுமரத்திலும், தேநீர்க்கடையிலும், உப்பள வரப்பிலும் அது பாடியது. மின்கம்பி எட்டாத உப்பு வயலுக்கு அது பெரும்பேறு. உப்பு வாரும் பலகையைத் தள்ளுபவரின் கண்ணுக்கும் கைக்கும் ஓய்வில்லை. காது மட்டும் ஓய்வாக இருந்தது. தலையில் கூடை சுமந்து வரப்பில் நடக்கும் பெண்களுக்கும் அப்படியே. வெண்பரப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசச்செய்யும் அந்நேரத்தில் எங்கிருந்தோ ஒரு குரல் வந்து சேர்ந்தது.

அக்குரல் பல வேளைகளில் கடல் கடந்து வந்தது. 1950களிலிருந்து இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தமிழகக் கடற்கரையெங்கும் கேட்கப்பட்டது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் பெயர்கள் திரைப்பட நடிகரின் பெயருக்கு நிகராக வீடுதோறும் வழங்கின. சென்னை நிலையம் அருகிலிருக்க, இலங்கையின் குரல் அத்தனைத் தெளிவாக வந்ததற்குக் காரணம் நிகழ்ச்சியின் சுவை மட்டும் அன்று. உப்பும் ஒரு காரணம். உவர்நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். வறண்ட நிலத்தின்மேல் செல்லும் மத்திய அலை விரைவில் வலுவிழக்கும். அதே அலை கடற்பரப்பின்மேல் நெடுந்தொலைவு செல்லும். பாத்தியில் விளைந்த அதே உப்பு, கடலில் கரைந்திருந்து பாட்டையும் சுமந்து வந்தது.

கேட்பதற்கும் ஒரு கைத்திறன் வேண்டியிருந்தது. பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் தண்டு, நிலையம் உள்ள திசைக்குக் குறுக்காக நின்றால்தான் அலையை நன்கு பற்றும். ஆகவே கேட்பவர் பெட்டியை மெல்லத் திருப்பித் திருப்பித் திசை தேடினார். இரைச்சலின் நடுவே குரல் தெளிந்ததும் அதே நிலையில் அசையாமல் வைத்துவிடுவார். பின்னர் யாரும் அதைத் தொடக்கூடாது. டில்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமியின் குரலில் வந்த செய்தியைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டவர்கள் பலர். அக்குரல் 2022இல் மறைந்தபோது, அவரை நேரில் கண்டிராதவர்களும் உறவினரை இழந்தது போல் வருந்தினர். பெட்டி வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டியிருந்தது. 1980களில்தான் அந்நடைமுறை நீங்கியது. இன்று அதையும் கூடப் புன்னகையோடு சொல்கிறார்கள்.

உப்பு அலையைக் கொண்டுவந்தது. பெட்டியையும் அதுவே தின்றது. மீனையும் ஊறுகாயையும் கெடாமல் காக்கும் உப்பு இரும்புக்கும் செம்புக்கும் பகை. ஈரம் தோய்ந்த உப்புக்காற்று மின்கலம் தொடும் தகட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து மின்னோட்டத்தைத் தடுக்கும். தோலுறைக்குள்ளும் நெகிழித்தாளுக்குள்ளும் பொதிந்து வைத்தாலும் கடற்கரைப் பெட்டிக்கு ஆயுள் குறைவு. பழம்பொருள் திரட்டுவோர் உள்நாட்டு வீட்டுப் பரண்களில் காணும் பழுதற்ற பெட்டியை உப்பளக் கரையில் காண்பது அரிது. அதிகம் நேசிக்கப்பட்ட இடத்திலேயே அது மிஞ்சவில்லை.

ஏற்றத்தின் ஏக்கத்திற்கும் வானொலியின் ஏக்கத்திற்கும் வேறுபாடு உண்டு. ஏற்றத்தில் பாடியவர் வேறு, கேட்டு மகிழ்ந்தவர் வேறு. வானொலியிலோ உழைத்தவரே கேட்டார். அவர் வேலையின் சுமையை அது கூட்டவில்லை. வெயிலின் நீளத்தைக் குறைத்தது. அன்றியும், ஒரு பெட்டியைச் சுற்றிப் பத்துப்பேர் இருந்தனர். செய்தியில் கேட்ட செய்தியை வரப்பிலேயே வாதித்தனர். இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி உள்ளது. அதில் விரும்பிய பாடல் விரும்பிய நேரத்தில் ஒலிக்கிறது. அருகில் இருப்பவருக்கு அது கேட்பதில்லை. ஆகவே வானொலிக்காக ஏங்கும் முதிய உப்பளத் தொழிலாளியின் ஏக்கத்தை வெறும் பழமைப்பற்று என ஒதுக்கிவிட இயலாது.

எல்லா ஏக்கமும் இத்தகு மதிப்புடையதன்று. 2013ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது, கடைசி நாளில் நினைவுக்காகத் தந்தி அனுப்ப அலுவலகங்களில் வரிசை நின்றது. நின்றவர்களுள் பலர் வாழ்நாளில் முதன்முறையாக அன்றுதான் தந்தி கொடுத்தனர். ஊர்ப்புறங்களிலோ தந்திக்காரரின் மிதிவண்டி தெருவில் திரும்பினாலே அழுகை தொடங்கிவிடும்; பிரித்துப் படிக்கும்வரை பொறுக்காது. அவர்களுள் எவரும் அவ்வரிசையைத் தேடி வந்ததாகத் தோன்றவில்லை.

சேம அச்சு

மரக்காணம் புயல்கள் கடக்கும் கரை. 2011 திசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயலும் புதுச்சேரியை ஒட்டியே வந்தது. ஒவ்வொரு முறையும் உப்புப் பாத்திகள் நீரில் மூழ்கி வரப்புகள் கரைந்தன. மின்கம்பங்கள் சாய்ந்தால் மோட்டார் நின்றுவிடும். கைப்பேசியின் மின்னேற்றம் தீரும். கோபுரங்கள் செயலிழந்தால் மின்னேற்றம் உள்ள கைப்பேசியும் ஊமையாகும். தொலைவில் உள்ள வானொலி நிலையம் ஒலித்துக்கொண்டிருந்தால், இரண்டு மின்கலம் உள்ள சிறு பெட்டிக்கு மட்டும் காற்று எங்கே திரும்புகிறது என்று தெரியும். புயலுக்கு முன் வீட்டில் எடுத்துவைக்க வேண்டியவை எனப் பேரிடர் மேலாண்மைத் துறையினர் கூறும் பட்டியலில் மின்கல வானொலி இன்றும் இருக்கிறது.

ஏற்றத்தை அப்படி எடுத்துவைக்க வேண்டியதில்லை. மோட்டார் பழுதானால் இன்னொரு மோட்டாரை வாடகைக்குக் கொண்டுவருவர். எவரையும் மீண்டும் துலாவின்மேல் ஏற்றுவது முறையாகாது. அதன் பாட்டைப் பதிந்து வைக்கலாம், அதன் உறுப்புகளின் பெயர்களை அகராதியில் காக்கலாம். வானொலியின் இடம் வேறு. அது உமணர் வண்டியின் அடியில் கட்டப்பட்ட அச்சைப் போன்றது. நல்ல பாதையில் அதனை யாரும் நினைப்பதில்லை.

ஆனால் உப்புக்காற்று வீசும் ஊரில் அதனைப் பரணில் போட்டு மறந்துவிட்டால் பயனில்லை. மின்கலங்களைப் பெட்டியிலிருந்து கழற்றித் தனியே வைக்க வேண்டும். தொடுதகடுகளை அவ்வப்போது உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் மூடிவைக்க வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை மின்கலத்தை இட்டு, பெட்டியை மெல்லத் திருப்பி, குரல் எந்தத் திசையில் தெளிகிறது என்று பார்த்துவைக்க வேண்டும்.